இராணுவ வாகனம் வரும் வீதியில்: விதிவிலக்கை விளங்கிக்கொள்வதும் விபத்தின்பின் செய்யவேண்டியதும்

பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை விடும் நேரத்தில், இலங்கையின் கிழக்குக் கரையோர ஏ4 வீதியில் காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை ஒரு தடவையேனும் பயணித்தவர்களுக்கு அந்த வீதியின் நெருக்கத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஓர் ஊர் முடியுமுன்னே மற்றோர் ஊர் தொடங்கிவிடுகிறது. கோயில் வாசலும் பாடசாலைப் படலையும் மரக்கறிக் கடையும் வீதியோரத்திலேயே இருக்கின்றன. வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் துவிச்சக்கரவண்டிகளில் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு வரும் அதே வீதியில்தான் படையினரின் ட்ரக் வண்டிகளும் சில வேளைகளில் கவச வாகனங்களும் செல்கின்றன. பொதுமக்களின் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட வீதிப் பாதுகாப்பு நியமங்களிலிருந்து அந்த வாகனங்களுக்கு விலக்களிக்கலாமா என்பது இங்கே வாழும் எங்களுக்கு ஏட்டளவிலான கேள்வியன்று. பிள்ளையை அனுப்பிவிட்டு வழிபார்த்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாகனத்தின் உடலமைப்புக்கு விலக்களிக்கலாம். பொதுவீதியில் அது ஓடும் முறைக்கும், விபத்தின்பின் ஏற்கவேண்டிய பொறுப்புக்கும் விலக்களிக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வீதியில் எப்படிக் கவனமாக இருப்பது, விபத்து நேர்ந்தால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பவை தாமாகவே தெளிவாகும்.

எந்த விலக்கு நியாயமானது

கவச வாகனம் ஒன்றை மகிழுந்துக்குரிய அளவுகோலால் அளக்க முடியாது. நம்மவர்கள் ‘பவல்’ என்று அழைக்கும் தென்னாபிரிக்கக் கவச வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கண்ணியின் வெடிப்பு விசை இரு பக்கமும் சிதறிப்போக வேண்டும் என்பதற்காக அதன் அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் அமைக்கப்பட்டு, உடல் நிலத்திலிருந்து உயர்த்தப்பட்டுள்ளது. உள்ளே இருப்பவரின் உயிரைக் காக்கும் அந்த உயரமே, வளைவில் வேகமாகத் திரும்பும்போது வாகனம் கவிழ்வதற்கும் காரணமாகிறது. மோதும்போது நசுங்கி விசையை உள்வாங்கும் முன்பகுதியைக் கவசத் தகட்டில் அமைக்க இயலாது. இத்தகைய விலக்கு உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் மத்திய வாகனப் பாதுகாப்பு விதிகள், படையின் ஒப்பந்த விவரக்குறிப்புக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டு நேரடியாகப் படைக்கே விற்கப்படும் வாகனங்களுக்குப் பொருந்தா என்று எழுத்திலேயே கூறுகின்றன.

ஆனால் அந்த விலக்கினால் படையினரே பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்காய்வு செய்யும் அரச பொறுப்புக்கூறல் அலுவலகம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010 தொடக்கம் 2019 வரையான நிதியாண்டுகளில் அந்நாட்டு இராணுவத்தினதும் மரைன் படையினதும் களவாகனங்கள் போருடன் தொடர்பில்லாத 3,753 விபத்துகளில் சிக்கியுள்ளன; படையினர் 123 பேர் இறந்துள்ளனர். சாரதியின் கவனமின்மை, மேற்பார்வைக் குறைவு, பயிற்சிக் குறைவு என்பவையே பெரும்பாலும் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன. இவற்றில் ஒன்றுகூடக் கவசத்தின் தடிப்போடு தொடர்புடையதன்று. விளக்கு, பிரேக், ஓய்வெடுத்த சாரதி, பக்கத்தில் விழித்திருக்கும் பொறுப்பாளர் ஆகியவற்றைக் கட்டாயமாக்குவதால் எந்தப் படையின் வலிமையும் குறைந்துவிடாது.

2002 ஜூன் 13 அன்று தென்கொரியாவின் யாங்ஜூ பகுதியில், வீதியோரமாக நடந்து சென்ற 14 வயதுப் பாடசாலை மாணவியர் இருவர், பயிற்சிக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கக் கவச வாகனம் ஒன்றினால் நசுக்கப்பட்டு இறந்தனர். அது ஒடுக்கமான கிராமத்து வீதி. அதற்கு ஏற்காத பேரகல வாகனம். அதில் இருந்த படையினர் இருவரையும் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் விடுதலை செய்தபோது, ஆயிரக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்தி வீதிக்கு இறங்கினர். அங்கே மக்களை அதிகம் காயப்படுத்தியது, தம் நாட்டு நீதிமன்றத்தில் அந்த வழக்கை நடத்த முடியாமற்போனதே. நமது நிலைமை வேறு. இங்கே விபத்தை விசாரிப்பது நமது பொலிஸ்; சாரதி முன்னிலையாவது நமது நீதவானின் முன்; நட்டஈட்டைக் கேட்பது நமது மாவட்ட நீதிமன்றத்தில். வழி திறந்திருக்கிறது என்பதை அறியாததனாலேயே நம்மில் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்.

நானும் அப்படித் திரும்பியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், மாரி தொடங்கிய ஒரு கார்த்திகை மாலையில், செங்கலடியிலிருந்து கரடியனாறு நோக்கிப் பதுளை வீதியில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மணி ஆறேகால் இருக்கும். முன்னே ஏதோ இருள் அசைவதுபோல் இருந்தது. அது படங்கு போட்ட ஒரு படை ட்ரக் என்பது, அதன் சாரதி பிரேக்கை மிதித்தபோதுதான் தெரிந்தது. இடப்பக்கப் பின்விளக்கைப் படங்கின் தொங்கல் மூடியிருந்தது. வலப்பக்க விளக்கின்மேல் கிரவல் சேறு அப்பியிருந்தது. சேற்றின் ஊடே ஊதுவத்தி நெருப்பளவு சிவப்பு மட்டும் தெரிந்தது. விலகிச் சரளையில் இறங்கியதும் சறுக்கி விழுந்தேன். அந்தப் படையினர் நிறுத்தி, இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இருபது வயது மதிக்கத்தக்க அந்தச் சாரதி, தன் கைலேஞ்சியால் விளக்கை அழுத்தித் துடைத்தபோது, உள்ளே இருந்த சிவப்புக் கண்ணாடி முழுதாக வெளிப்பட்டது. அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. புறப்படுமுன் யாராவது ஒருவர் அதைத் துடைத்திருந்தால் என் முழங்கால் தப்பியிருக்கும். மறுநாள் நான் சென்ற பொலிஸ் நிலையத்தில், ‘இராணுவ வாகனம் என்றால் நாங்கள் எழுதுவதில்லை’ என்று ஓர் உத்தியோகத்தர் கூறினார். அது தவறான பதில் என்பதை அறியாமல், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையே கீழே எழுதுகிறேன்.

வீதியில் கைக்கொள்ள வேண்டியவை

படை வாகனம் கண்ணுக்குப் படாமல் இருப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் மங்கிய பச்சை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பாது. பல நாடுகளின் படை வாகனங்களில் விளக்குகளை மிக மங்கலாக்கும் தனி ஆளியும் இருக்கும். பொதுவீதியின் பாதுகாப்போ ஒருவரை ஒருவர் தூரத்திலேயே காண்பதில் தங்கியிருக்கிறது. ஆகவே மாலை ஆறு மணி தொடக்கம் ஏழு மணி வரையும், மழையிலும், வயல் புகை படர்ந்த வீதியிலும், முன்னே செல்லும் பெரிய உருவத்துக்கு விளக்கு இல்லாதிருக்கலாம் என்று எண்ணியே ஓட்டுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகிறீர்கள். சேறு படிந்த விளக்கு அந்தத் தூரத்தில்தான் கண்ணில் படுமாயின், பிரேக்கில் கால் வைப்பதற்கே நேரம் போதாது. முன்வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததிலிருந்து நீங்கள் அதே கம்பத்தைக் கடப்பதற்கு மூன்று செக்கனாவது எடுக்கவேண்டும். மழையென்றால் இதை இரட்டிப்பாக்குங்கள். நீதிக்காக இதையும் சொல்ல வேண்டும்: அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளுடன் விளக்கின்றி வரும் நமது உழவு இயந்திரப் பெட்டிகளும் இதே ஆபத்தையே உண்டாக்குகின்றன. படையினரிடம் பிரதிபலிப்புப் பட்டி ஒட்டும்படி கேட்பதற்கு முன் நமது பெட்டியில் அதை ஒட்டிவிட வேண்டும்.

பவல் போன்ற வாகனத்தை முந்துவது தனிக் கவனம் வேண்டும் செயல். நம் நாட்டு வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருப்பார் என்ற பழக்கத்தில், வலப்புறமாக முந்தும்போது அவர் நம்மைக் காண்பார் என்று நம்புகிறோம். பவலில் சாரதியின் கூடு முன்னே இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் எஞ்சின் இருக்கிறது. நீங்கள் அருகில் வந்துவிட்டதை அவர் அறியாமலே இருக்கக்கூடும். ஹோர்ன் அடித்து, நேரான வீதியில், தயங்காமல் கடந்துவிட வேண்டும். அதன் பக்கவாட்டில் ஒட்டியபடி தொடர்ந்து ஓடக் கூடாது.

அகலமும் கவனத்துக்குரியது. சாதாரண பஸ் ஒன்று ஏறத்தாழ 2.5 மீற்றர் அகலமானது. எட்டுச் சில்லுகள் கொண்ட பிடிஆர்-80 கவச வாகனம் 2.9 மீற்றர் அகலமானது. வவுணதீவு, ஆயித்தியமலைப் பக்கத்து உள்வீதிகளின் மதகுகளில் அத்தகைய வாகனம் எதிரே வந்தால், மதகுக்கு இப்பாலேயே நின்று அதை வரவிடுங்கள். தொடரணியாக வரும் வாகனங்களின் இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிளைச் செருக வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று கண்வைத்து ஓடுபவை, நடுவில் இன்னொருவர் வருவதை எதிர்பார்ப்பதில்லை. படைவீரர் கைகாட்டி நிறுத்தினால் நின்றுவிடுங்கள். குறை இருந்தால் பின்னர் எழுத்தில் கேட்கலாம்.

போர்க்காலத்தில் தொடரணி வந்தால் துவிச்சக்கரவண்டியால் இறங்கி வேலியோரம் நிற்பது நம் தலைமுறையின் பழக்கம். என் தாயார் இன்றும் பச்சை லொறியைக் கண்டால் நடையை நிறுத்திவிடுவார். அக்காலத்தில் அந்த வாகனங்கள் விரைந்ததற்குக் கண்ணிவெடியும் பதுங்கித் தாக்குதலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2009 மே மாதத்துடன் போர் முடிந்தது. குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்று எங்களுக்கு விதிக்கப்பட்ட வேகத்தை, உணவுப் பொருள் ஏற்றிச் செல்லும் ஒரு படை லொறி மீறுவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை.

விபத்து நேர்ந்தால்

முதலில் உயிர். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். 119 பொலிஸ் அவசர இலக்கம். படையினர் தமது வாகனத்திலேயே காயமடைந்தவரை ஏற்றிச் செல்ல முன்வந்தால் மறுக்க வேண்டாம். உறவினர் ஒருவரோ ஊரவர் ஒருவரோ கூடவே ஏறிச் செல்லட்டும்.

அடுத்தது இலக்கத் தகடு. படை வாகனங்களின் தகட்டில் சிங்கள எழுத்துகளே இருக்கும்: தரைப்படைக்கு ‘யுஹ’, கடற்படைக்கு ‘நாஹ’, விமானப்படைக்கு ‘குஹ’ என்று ஒலிக்கும் எழுத்துகள். நம்மில் பலருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. பதற்றத்தில் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும். ஆகவே எழுத்தைப் பார்த்து அதன் வடிவத்தை அப்படியே கீறிக்கொள்ளுங்கள், எண்களை வரிசை தவறாமல் எழுதுங்கள். பேனை இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுங்கள். பொதுவீதியில் நிற்கும் வாகனத்தையும், டயர் தடத்தையும், உடைந்த துண்டுகளையும் மட்டுமே படம் எடுக்க வேண்டும். அருகில் முகாமோ காவலரணோ இருந்தால் அந்தத் திசைக்குக் கைப்பேசியைத் திருப்ப வேண்டாம். எடுக்க வேண்டாம் என்று தடுத்தால் வாக்குவாதப்படாமல், நேரம், இடம், அண்மைய கிலோமீற்றர் கல், வாகனம் வந்த திசை, விளக்கு எரிந்ததா என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். முறைப்பாடு பதியப்படுமுன் படங்களைச் சமூக வலைத்தளங்களில் இட வேண்டாம். பக்கத்துக் கடைகளில் கண்காணிப்புக் கமெரா இருந்தால் அன்றைக்கே சென்று பதிவைச் சேமித்து வைக்கக் கேளுங்கள். பெரும்பாலான கருவிகளில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

வாகனத்தை நிறுத்துவதும், உதவுவதும், பொலிஸுக்கு அறிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாரதியின் கடமைகள். அந்த வாகனத்தின் முன்கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரத்தையோ காப்புறுதிச் சான்றிதழையோ தேடிக் காணாமல், ‘இனி ஒன்றும் செய்ய இயலாது’ என்று மனம் சோர வேண்டாம். உரிமையாளர் அரசு, பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்துக்கும் அந்த இடத்திலிருந்தே அறிவித்துவிடுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்யுமாறு கேளுங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழியாகும். உங்களால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தின் கீழ் ஒப்பமிட வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘இராணுவ வாகனம்’ என்ற சொல்லும் தகட்டின் இலக்கமும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்ட பின்னரே வெளியேறுங்கள். எனக்குச் சொல்லப்பட்டதுபோல் ‘எழுதுவதில்லை’ என்றால், அவ்வாறு கூறிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் அறிவியுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கும் அழைக்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. சட்டத்தின் முன் சமத்துவம் மறுக்கப்பட்டதென்று உயர் நீதிமன்றம் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு மாத காலமே உண்டு என்பதால், இந்த முறைப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

வெளிக்காயம் இல்லையென்றாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எவ்வாறு காயம் ஏற்பட்டது என்று கேட்கும்போது, ‘சைக்கிளால் விழுந்தேன்’ என்று சுருக்கிச் சொல்லிவிட்டால், பின்னர் எந்த நீதிமன்றத்திலும் அதைத் திருத்துவது கடினம். இராணுவ வாகனம் மோதியதென்றால் அப்படியே சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குரிய படிவத்தைப் பொலிஸாரிடம் கேட்டுப் பெறுங்கள். வெளியேறும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையின் பிரதிகளும் மருந்துச் சிட்டைகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

சில நாட்களில் யாராவது வீட்டுக்கு வந்து, பேசித் தீர்க்கலாம் என்று கேட்கக்கூடும். அவர்கள் நல்ல மனத்துடனும் வரலாம். அவசரச் செலவுக்கென்று பணம் தந்தால், ‘மருத்துவச் செலவுக்கான உதவி’ என்று மட்டும் எழுதி, பிரதி வைத்துக்கொண்டு பெறலாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகம் உள்ள கடிதத்தில், காயம் முழுமையாக ஆறிவிட்டதென்று வைத்தியர் சொல்லும்வரை ஒப்பமிடக் கூடாது.

நீதவான் நீதிமன்ற வழக்கும் நட்டஈட்டு வழக்கும் இருவேறு என்பதைப் பலர் அறிவதில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின் கீழான குற்றம்; சாரதிக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்படலாம். அந்தத் தீர்ப்பினால் மட்டும் குடும்பத்துக்கு நட்டஈடு வந்துவிடாது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். அரச ஊழியர் தம் கடமையின்போது இழைத்த தீங்குக்கு அரசும் பொறுப்பாகும் என்று 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. வழக்கு சட்டமா அதிபருக்கு எதிராகவே தொடரப்படும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். விபத்து நிகழ்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கல் செய்யப்பட வேண்டும். இரண்டு ஆண்டு என்றால் நீண்ட காலம் போலத் தோன்றும். எலும்பு பொருந்தி, ஆவணம் சேர்ந்து, சட்டத்தரணியைக் காணும்போது இருபது மாதம் கழிந்திருப்பது வழக்கம். ஆகவே மூன்றாம் மாதத்துக்குள் ஆலோசனை பெற்றுவிடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கட்டணமின்றி உதவும். தலைக்கவசம் இன்றியோ அனுமதிப்பத்திரம் இன்றியோ ஓட்டியிருந்தால், அதை உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்க வேண்டாம். நட்டஈடு குறையக்கூடும் என்றாலும் உரிமை முற்றாக அற்றுப்போவதில்லை.

விபத்துக்கு முன்னரே கேட்பது

இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் காரணம் கூறாமலே பொது அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம். இராணுவமும் பொது அதிகாரசபையே. முகாம்கள், ஆளணி, வாகனத் தொகை பற்றிக் கேட்டால் தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுப்பார்கள், கேட்கவும் தேவையில்லை. வீதியோடு தொடர்புடையதை மட்டும் கேளுங்கள். தமிழில், இராணுவத் தலைமையகத்தின் தகவல் அலுவலருக்கு, இவ்வாறு எழுதலாம்:

‘மட்டக்களப்பு மாவட்டப் பொதுவீதிகளில் பயன்படுத்தப்படும் தங்கள் வாகனங்களின் பின்விளக்கு, பிரேக், பிரதிபலிப்பான் ஆகியவை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படுகின்றன, புறப்படுமுன் அவற்றைப் பார்ப்பது யாருடைய கடமை, குடியிருப்புப் பகுதிகளில் சாரதிகள் கைக்கொள்ள வேண்டிய வேகம் எது, பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் தொடரணிகளைத் தவிர்க்கும் அறிவுறுத்தல் உண்டா, கடந்த மூன்று ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் பொதுமக்கள் காயமடைந்த விபத்துகள் எத்தனை, அவற்றில் நட்டஈடு வழங்கப்பட்டவை எத்தனை என்பவற்றை அறியத்தரவும்.’

தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பதில் வந்தால் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுப்பும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் கொடுங்கள். கூட்டத்தில் முன்வைப்பதற்குச் சிறிய கோரிக்கைகளே போதும்: படங்கின் தொங்கல் விளக்கை மறைக்காதவாறு கட்டப்பட வேண்டும், பின்புறத்தில் பிரதிபலிப்புப் பட்டி ஒட்டப்பட வேண்டும், களத்துக்குச் செல்லும்போது அதை ஒரு துணியால் மூடிக்கொள்ளலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பின்குத்தி வையுங்கள். 14 வேலை நாட்களை எண்ணத் தொடங்குவதற்கு அந்தத் திகதி வேண்டும்.